நிக்கல்: நிக்கலே இல்லாமல் அடித்த நிக்கல்

நிக்கல் என்றால் இரண்டு பொருள். ஒன்று, அணு எண் 28 உள்ள தனிமம், சட்டென்று துருப்பிடிக்காத வெள்ளை உலோகம். இன்னொன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து சென்ட் காசை மக்கள் கூப்பிடும் பெயர். குழப்பமெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

முதலில் பெயர் வந்த கதை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிச் சுரங்கங்களில் செம்பு நிறத்தில் ஒரு தாது கிடைத்தது. ஆசையாக உருக்கினால் செம்பு வராது, ஆர்சனிக் கலந்த நச்சுப் புகைதான் வரும். இது குட்டிச்சாத்தான் வேலை என்று முடிவுகட்டி 'குப்ஃபர்நிக்கல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். குப்ஃபர் என்றால் செம்பு, நிக்கல் என்பது நிக்கோலஸின் சுருக்கம், குறும்புப் பேய்க்கும் அதே பெயர்தான். 1751இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆக்செல் குரோன்ஸ்டெட் புது உலோகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அப்புறம் பெயர் சூட்டும்போது செம்பைக் கழற்றிவிட்டுச் சாத்தானை மட்டும் வைத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஐந்து சென்ட் நிக்கல் காசு 1866இல் வந்தது. அதில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம்தான் நிக்கல். கணக்குப்படி அதைச் 'செம்பு' என்றல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்? ஆனால் பார்க்க வெள்ளையாக இருந்தது, பேரும் நின்றுவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? உலோகத்துக்குப் பாடநூல் வழக்கு நிக்கல்தான். 'வன்வெள்ளி' என்று தனித்தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு, அழகான சொல்தான். ஆனால் காசைச் சொல்லும் இடத்தில் இரண்டுமே வேண்டாம், 'ஐந்து சென்ட் காசு' என்றே எழுதிவிடலாம் என்பேன். காரணம் இரண்டாம் உலகப் போர்.

கவசத் தகடுகளுக்கு வேண்டிய எஃகைக் கடினமாக்க நிக்கல் தேவைப்பட்டது, காசுக்கு ஒதுக்க மிச்சமில்லை. 1942 அக்டோபரிலிருந்து 1945 முடிய அடித்த ஐந்து சென்ட் காசில் 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீசு. நிக்கல் துளிகூடக் கிடையாது. அதாவது வன்வெள்ளி போய் நிஜ வெள்ளி வந்தது! இந்த விகிதத்தைச் சும்மா பிடித்துவிடவில்லை, தானியங்கி விற்பனை இயந்திரங்கள் போலிக் காசென்று துப்பிவிடாதபடி, எடையும் பழைய 5 கிராமிலேயே நிற்கும்படி பார்த்துப் பார்த்துக் கலந்தார்கள். பின்னால் தனியே பொறுக்கி எடுக்க வசதியாக, காசின் பின்பக்கத்தில் பொறித்திருக்கும், முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ வீட்டுக் குவிமாடத்துக்கு மேலே நாணயச்சாலைக் குறியை, அதாவது எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தை, பெரிதாகப் போட்டார்கள். அதுவரை தன் காசில் குறியே போடாத பிலடெல்பியா நாணயச்சாலையும் முதன்முதலாகத் தன் 'பி' எழுத்தைப் பொறித்தது இதில்தான். கையில் கிடைத்தால் அங்கே பாருங்கள், கொஞ்சம் கறுத்துப்போயும் இருக்கும்.

இவ்வளவு கவனம் ஒரு சென்ட்டுக்குக் கிடைக்கவில்லை. தோட்டா உறைகளுக்குச் செம்பு வேண்டுமென்று 1943இல் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். வெள்ளை நிறத்தைப் பார்த்துப் பத்து சென்ட் என்று ஜனங்கள் ஏமாந்தார்கள், ஓரத்தில் துருவேறியது, போலி எஃகு வில்லைகளைப் பிடிக்க இயந்திரங்களில் வைத்திருந்த காந்தம் நல்ல காசையும் பிடித்துக்கொண்டது. மறு வருடமே செம்புக்குத் திரும்பிவிட்டார்கள்.

கனடாவின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1922 முதல் ஐந்து சென்ட் தூய நிக்கல், அந்தப் பேருக்கு முழுத் தகுதி உண்டு. 1942இல் அதை நிறுத்தி, 'டாம்பாக்' என்ற பித்தளை வகையில் அடிக்கத் தொடங்கினார்கள்: 88 சதவீதம் செம்பு, 12 சதவீதம் துத்தநாகம். பழுப்பேறியதும் ஒரு சென்ட் மாதிரியே தெரியும் என்பதால் காசையே பன்னிரண்டு பக்கமாக வெட்டினார்கள். 1944இல் அதுவும் போய், குரோமியம் பூசிய எஃகு வந்தது. மூன்றையும் மக்கள் கூப்பிட்டது நிக்கல் என்றுதான்.