குரங்குக்கு டென்ஷனா என்று ஹார்மோன் எண் மட்டும் சொல்லாது

"இந்தக் குரங்கு டென்ஷனா இருக்கா சார்? ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியாதா?" உயிரியல் பூங்காவில் அடிக்கடி கேட்கும் கேள்வி. தெரியாது. பிடிபட்ட சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். அந்த ரத்தத்தில் இருப்பது நாம் கொடுத்த பயம்.

அந்த ஹார்மோனின் எச்சம் மலத்திலும் வரும், அதனால்தான் மலத்தைத் தேடி அலைகிறோம். எந்தக் குரங்கு போட்டது என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சிறுநீர் படாததை எடுத்து, கலந்து, சீக்கிரம் உறையவைக்க வேண்டும். (காட்டில் ஒரு கூட்டத்தின் முகங்களைப் பழகவே மாதக்கணக்கில் ஆகும், ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.) குடல் வழியாக வருவதால் இன்றைய மாதிரியில் இருப்பது பெரும்பாலும் நேற்றைய கதை. நேற்று யார் யாரை விரட்டினார்கள் என்ற குறிப்பு இல்லையென்றால் லேப் தரும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் பபூன் என்ற பெரிய குரங்குகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். அங்கிருந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு பலரைத் திகைக்க வைத்தது. தலைமை ஆணின் அழுத்த ஹார்மோன், அடிமட்டத்து ஆண்களின் அளவுக்கு இருந்தது. இரண்டாம் இடத்து ஆணுக்கு அதைவிடக் குறைவு. சண்டையும் பெண்ணைக் காவல் காப்பதும் தலைவனின் உடம்பைத்தான் வாட்டுகின்றன.

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெருங்கிய உறவைச் சிறுத்தையோ சிங்கமோ கொன்றபின் பெண் பபூன்களுக்கு அழுத்த ஹார்மோன் ஏறியது. அதன் பிறகு அவை முன்பைவிட அதிகமான துணைகளுடன் பேன் பார்த்தன. உகாண்டாவின் புடோங்கோவில் சிம்பன்சிகளின் சிறுநீரைச் சோதித்தபோது, நெருங்கிய கூட்டாளியுடன் பேன் பார்த்த பிறகு பிணைப்போடு தொடர்புடைய ஆக்சிடோசின் ஹார்மோன் கூடியிருந்தது. கூட்டாளி சொந்தமா இல்லையா என்பது பொருட்டாகவே இல்லை.

கூண்டில் துணையைத் தேர்ந்தெடுப்பது குரங்கு அல்ல, நாம். தோற்றது ஓடி ஒளிய இடமும் இல்லை. பார்வையாளர் வீசும் ஒரு வாழைப்பழத்துக்கு அடி வாங்குவது பெரும்பாலும் கடைசி இடத்துக் குரங்கு.

ஒரு குரங்கை வேறு பூங்காவுக்கு அனுப்பும்போது வயது, பாலினம், மரபுவழி எல்லாம் பார்க்கிறோம். அது யாருக்குப் பேன் பார்க்கிறது என்று கீப்பரைக் கேளுங்கள். முடிந்தால் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். மல மாதிரியைச் சில வாரம் முன்பிருந்தே எடுத்து வையுங்கள். போய் இறங்கியபின் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கையில் இருக்காது.