ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி

கருவளர்ச்சி, புற்றுநோய் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'ஹெட்ஜ்ஹாக்' மரபணுவை 'முள்ளம்பன்றி மரபணு' என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. முள்ளம்பன்றி வேறு, முள்ளெலி வேறு. முள்ளம்பன்றிக்கு முட்கள் முழ நீளத்துக்குக்கூட இருக்கும், கிழங்கைத் தோண்டித் தின்னும், ஆங்கிலத்தில் அது போர்க்குபைன். முள்ளெலி இரண்டு கைக்குள் அடங்கிவிடும், பூச்சி பிடித்துத் தின்னும், அதுதான் ஹெட்ஜ்ஹாக். தேரிக்காட்டு ஓரத்தில் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். டார்ச் வெளிச்சம் பட்டதும் மூக்கை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு சிரட்டை கவிழ்த்த மாதிரி உருண்டுகொண்டது, பத்து நிமிஷம் காத்திருந்தும் முகத்தைக் காட்டவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஆங்கிலப் பெயர் 'வேலிப் பன்றி' என்கிறது, மூக்கு பன்றி மூக்கு மாதிரி இருப்பதால். நாம் அதை எலி என்றோம். உண்மையில் அது எலி இனமே இல்லை, மூஞ்சூறுக்குத்தான் உறவு. கொறிக்கும் பல்லோடு எலிக்கு உறவாக இருப்பது முள்ளம்பன்றி, அதைப் போய்ப் பன்றி என்றோம்! பழந்தமிழில் அதற்கு எய்ப்பன்றி, முளவுமா என்றெல்லாம் பெயர் உண்டு. ஆக, 'பன்றி' என்ற ஒட்டை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் ஊரில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

சரி, மரபணுவுக்கு ஏன் இந்தப் பெயர்? ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈயின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்து, புழு எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். 1980இல் முடிவை வெளியிட்டார்கள், 1995இல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணப் புழுவின் வயிற்றில் ஒரு பட்டை நுண்முள், ஒரு பட்டை வழவழப்பு என்று மாறி மாறி வரும். இந்த மரபணு கெட்ட புழுவுக்கு வழவழப்பான பட்டை காணாமல் போய், குட்டையாக, மேலெல்லாம் முள்ளாக இருந்தது. முள்ளெலி மாதிரியே. கெட்டுப்போனால் என்ன ஆகிறதோ அதையே பெயராக வைப்பது ஈ ஆராய்ச்சிக்காரர்கள் பழக்கம்.

1993இல் முதுகெலும்புள்ள விலங்குகளில் இதே குடும்பத்தில் மூன்று மரபணுக்கள் கிடைத்தன. இரண்டுக்கு நிஜ முள்ளெலிகளின் பெயர்: பாலைவன முள்ளெலி, இந்திய முள்ளெலி. மூன்றாவதுக்கு வீடியோ கேமில் வரும் முள்ளெலியான சோனிக்கின் பெயர். பெயர் என்னவோ விளையாட்டு, வேலை அப்படி இல்லை. கரு வளரும்போது கையின் மொட்டில் சுண்டு விரல் பக்கத்திலிருந்து சோனிக் புரதம் சுரந்து பரவுகிறது, எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து எந்த விரல் என்று முடிவாகிறது. கட்டை விரலுக்கு மட்டும் அது தேவையே இல்லை. கோழிக்குஞ்சுக் கருவில் அந்தப் புரதத்தை எதிர்ப்பக்கத்திலும் வைத்தால், கண்ணாடியில் பார்த்ததுபோல் விரல்கள் இரட்டையாக முளைக்கும். வளர்ச்சிக் காரணி என்று இதையும் சேர்த்துச் சொல்வதுண்டு, ஆனால் 'பெருகு' என்பதோடு 'இங்கே நீ இதுவாக ஆகு' என்றும் சொல்கிற பொருள் இது.

சொன்னதைக் கேட்க ஆள் வேண்டுமே, அதுதான் ஏற்பி. 'ஏற்பு' என்பதிலிருந்து வந்த நல்ல சொல், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, ரிசப்டார் என்று எழுத வேண்டியதே இல்லை. முள்ளெலிப் புரதத்தின் ஏற்பிக்குப் பெயர் பேட்ச்டு. இதன் குணம் கொஞ்சம் தலைகீழ். பல ஏற்பிகள் செய்தி வந்தால்தான் வேலையைத் தொடங்கும், பேட்ச்டோ செய்தி வராத வரைக்கும் ஸ்மூத்தன்டு என்ற இன்னொரு புரதத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், முள்ளெலி வந்து ஒட்டியதும் பிடியை விடும். அப்புறம்தான் செல்லுக்குள் செய்தி ஓடி, மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன.

பிடிக்கிற ஆளே இல்லாமல் போனால்? 1996இல், பரம்பரையாக வரும் கார்லின் நோய்க்குறியில் கெட்டிருப்பது பேட்ச்டு மரபணுதான் என்று தெரிந்தது. அந்தக் குடும்பங்களில் அடித்தளச் செல் புற்று என்ற தோல் புற்றுநோய் சின்ன வயதிலேயே, பல இடங்களில் வரும். யாரும் செய்தி அனுப்பாமலே செல்லுக்குள் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. குழந்தைகளுக்குச் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில் ஒரு வகையும் இதே வழித்தடத்தால்தான்.

மருந்தின் கதை ஆட்டுக்கொட்டகையில் தொடங்குகிறது. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோவில் நெற்றியில் ஒரே கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையான 14ஆம் நாள் வாக்கில் தாய் ஆடு ஒரு காட்டுச் செடியைத் தின்றதே காரணம். அந்தச் செடியில் இருந்த சைக்ளோபமைன் ஸ்மூத்தன்டைக் கட்டிப்போடுகிறது, முகத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லும் முள்ளெலிச் செய்தி கருவுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதே ஸ்மூத்தன்டைக் குறிவைத்துச் செய்த விஸ்மோடெகிப் 2012இல் முற்றிய அடித்தளச் செல் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்த ஆட்டுக்குட்டிகளை நினைத்தால் ஏன் என்று புரியும்.

இனி தமிழில் எப்படி எழுதலாம்? புரதத்தை 'முள்ளெலிப் புரதம்' என்றும், மொத்த ஏற்பாட்டை 'முள்ளெலிக் குறிகைத் தடம்' என்றும் எழுதலாம். சிக்னலுக்குச் சமிக்ஞை என்பது வடமொழி வழி வந்த சொல், புழக்கத்தில் இருப்பதால் தவறில்லை, எனக்குக் குறிகைதான் பிடித்திருக்கிறது. பேட்ச்டு, ஸ்மூத்தன்டு, சோனிக் எல்லாம் ஆள் பெயர் மாதிரி, அப்படியே விட்டுவிடலாம். குறிப்பாக, ஒரு தாயிடம் 'உங்கள் குழந்தைக்கு சோனிக் முள்ளெலி கெட்டிருக்கிறது' என்று யாரும் சொல்ல வேண்டாம், அந்த இடத்தில் சுருக்கமாக எஸ்எச்எச் (சோனிக் ஹெட்ஜ்ஹாக்) மரபணு என்றால் போதும்.