யாரும் இடிக்கவில்லை, முட்டி மட்டும் போய்விட்டது

பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிகள் தொடங்கிவிட்டால் என் கிளினிக்கில் ஒரே வசனம்தான். "யாருமே மேல படலைங்க மேடம். ஓடி வந்து பந்தைப் பிடிச்சா, நின்னா, அப்படியே உட்கார்ந்துட்டா. சுளுக்காத்தான் இருக்கும்." இதைச் சொல்லும்போது அடிபட்டு வாரக்கணக்கில் ஆகியிருக்கும். நடுவில் யாரோ எண்ணெய் போட்டு உருவியிருப்பார். எக்ஸ்ரேயில் 'ஒன்றுமில்லை' என்று வந்திருக்கும். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு இன்னொரு மேட்ச்சும் ஆடியிருப்பாள். கடைசியாக வந்த பெண் பத்தாம் வகுப்பு. முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாக அறுந்து, கூடவே குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. ஜவ்வு அறுந்த முட்டியோடு ஆடினால் அடுத்து போவது அந்தக் குருத்தெலும்புதான். அவள் அப்பா சொன்னது: "கபடி மாதிரி இல்லையே மேடம், உடம்பு படாத விளையாட்டுன்னுதானே சேர்த்துவிட்டோம்."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே அப்படித்தான் நினைத்தார்.

1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் குளிர்கால உடற்பயிற்சி வகுப்பு என்றாலே முரண்டு பிடிக்கும் 18 இளைஞர்கள். உள்ளரங்கில் ஆட ஏதாவது கொண்டு வா என்று துறைத் தலைவர் லூதர் குலிக் இரண்டு வாரக் கெடு கொடுத்தார், அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு. ரக்பியில் ஆளைப் பிடித்துத் தள்ளுவது ஏன்? எதிராளி பந்தோடு ஓடுகிறான், அதனால். ஓடவே விடாவிட்டால்? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் கூடைப்பந்து. 10 அடி உயரத்தில், பால்கனியில் பீச் பழக்கூடைகளை மாட்டினார். பலம் காட்டி எறிந்தால் பந்து உள்ளே போகாது, வளைத்து மெல்லத்தான் போட வேண்டும். 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை வாருவது எல்லாவற்றுக்கும் தடை. (அப்படியும் முதல் ஆட்டம் அடிதடியில் முடிந்தது, ஒருவனுக்குத் தோள் விலகியது என்று 1939இல் வானொலியில் அவரே சொன்னார். பின்னாளில் மருத்துவப் பட்டமும் வாங்கியவர், எங்கள் கட்சி.)

எனக்கு முக்கியம் மூன்றாவது விதி. பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். வேகமாக ஓடி வந்து பிடிப்பவர் நிற்க முயன்றால் மட்டும் கொஞ்சம் சலுகை. மோதலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சடன் பிரேக்கை வைத்துவிட்டார் மனிதர். சின்ன அரங்கில் பக்கத்துக்கு ஒன்பது பேர் நெருக்கியடித்து ஆடியபோது அதனால் பெரிய பாதகம் இல்லை. பிறகு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளிங் வந்தது, எகிறி எறியும் ஜம்ப் ஷாட் வந்தது. 1937 வரை ஒவ்வொரு கூடை விழுந்ததும் நடுவட்டத்துக்குப் போய் ஜம்ப் பால் (நடுவர் மேலே போடும் பந்துக்கு இருவர் எகிறுவது) போட்டு மூச்சு வாங்கிக்கொண்டார்கள், அதுவும் போனது. 1954இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ., 24 விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. வேகம் எங்கேயோ போய்விட்டது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட முடியாது, நின்றாக வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

பெண்களுக்கோ 1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் மைதானத்தையே மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகரக்கூடாது என்று வைத்தார். அயோவா மாநிலப் பள்ளிகளில் அரை மைதான ஆட்டம் 1993 வரை இருந்தது. இன்று நம் பெண்கள் முழு மைதானத்தில் பறக்கிறார்கள், பறக்கட்டும். ஆனால் இதே ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது இரண்டு மடங்குக்கும் மேல். பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

இடித்தால்தான் முட்டி போகும் என்பது தப்பு. ஏ.சி.எல். அறுவதில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு, முட்டியை யாரும் தொடாமலே நடக்கிறது. மறுபடி சொல்கிறேன், தொடாமலே. நிற்கும்போது, திரும்பும்போது, கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு (ரீபவுண்டு) எகிறி ஒற்றைக்காலில் இறங்கும்போது. சந்தேகம் இருந்தால் என்.பி.ஏ. வீரர் டெரிக் ரோஸ் வீடியோவைப் பாருங்கள். 2011இல் சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கியவர். 2012 ஏப்ரல் 28, சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டம். உள்ளே புகுந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்று, எழும்பினார். முட்டியில் யாரும் மோதவில்லை. இடது முட்டியில் ஏ.சி.எல். அறுந்து, அடுத்த சீசன் முழுக்கக் களத்துக்கே வரவில்லை. 'யாரும் இடிக்கலை' என்று நீங்கள் ஆறுதலாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது இதனால்தான்.

உள்ளே 'டப்' என்றதா? சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கியதா? நடந்தால் நழுவுகிறதா? ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள். எண்ணெய் வேண்டாம், உருவ வேண்டாம், இழுத்துக் கட்டு போடும் இடத்துக்குப் போக வேண்டாம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. எலும்பு மருத்துவரிடம் வாருங்கள், சீக்கிரம். கையால் அசைத்துப் பார்த்தே பாதி சொல்லிவிடுவோம்.

கோச் சார்களே, எகிறக் கற்றுக்கொடுக்கிறீர்கள், இறங்கக் கற்றுக்கொடுப்பதில்லை. வாரம் மூன்று நாள், வார்ம்-அப்பில் கால் மணி நேரம் கொடுங்கள், போதும். முட்டியை மடக்கி, சத்தமில்லாமல், இரண்டு காலிலும் இறங்கப் பழக்குங்கள். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். முட்டி இரண்டும் உள்பக்கம் சாய்ந்தால் அந்தப் பிள்ளைக்குத் தொடையிலும் இடுப்பிலும் பலம் ஏற்ற வேண்டும். கடையில் விற்கும் முட்டி உறை இந்த வேலையைச் செய்யாது.

ஆபரேஷன் ஆன பிள்ளைகள் ஆறாவது மாதம் வந்து நிற்கிறார்கள். "வலியே இல்லை மேடம், இந்த ஒரு டோர்னமென்ட் மட்டும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிபிகேட் வேணும்." வலி இல்லை என்பதால் புது ஜவ்வு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை கண்ணு. குறைந்தது 9 மாதம். அதற்கப்புறமும் ஒற்றைக்காலில் தாவும் சோதனையில் அந்தக் கால் மற்றதற்கு 90 சதவீதமாவது ஈடுகொடுக்க வேண்டும். அதுவரை அப்பா வந்து கேட்டாலும், ஆடலாம் என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்.