சத்தம் வரலைன்னா வண்டி ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க

போன வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையார் கோயில் வாசலில் ஒருவருடைய விரல்கள் தப்பித்ததே பெரிய விஷயம். இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

புது எலக்ட்ரிக் கார். பூசை முடிந்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்பக்க இடது சக்கரத்துப் பழம் மட்டும் உருண்டு ஓட, உரிமையாளரின் மச்சான் குனிந்து அதை மறுபடி சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பூசாரி "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். உரிமையாளர் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார், லீவரை 'டி'க்கும், அதாவது முன்னால் ஓட்டும் நிலைக்கும், தள்ளிவிட்டார். சத்தம் ஒன்றும் இல்லை. "ஏனுங்க, இன்னும் ஸ்டார்ட் ஆகலைங்களா?" என்று பூசாரி கேட்டார். சுற்றி நின்ற நாலு பேரும் அதையே கேட்டார்கள். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருட டீசல் வண்டிப் பழக்கத்தில், ஆகிவிட்டதா என்று பார்க்க ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார்.

மச்சான் கையை எடுத்ததும் வண்டி பாய்ந்ததும் ஒரே நேரம். நான் "பிரேக், பிரேக்" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஆறடி தள்ளிப் போய் நின்றது வண்டி. பழம் கூழாகிக் கிடந்தது.

கோயம்புத்தூரில் 2020லிருந்து எலக்ட்ரிக் கார்களை டெலிவரி கொடுத்து, வாங்கியவர்களுக்கு ஓட்டிப் பழக்கிவிடுவதுதான் என் வேலை. இந்த வருடத்தில் மட்டும் இது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே காரணம்.

இந்த வண்டிகளைப் பார்த்து ஜனங்கள் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஓடிவந்து "தள்ளி விடட்டுங்களா சார்?" என்பார். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் "அண்ணா, வண்டி ஆஃப் ஆயிருச்சு" என்று அக்கறையாகச் சொல்வார். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டியைப் பார்க் செய்ய வந்த பையன் பட்டனை அழுத்தி, சத்தம் வராததால் திரும்ப அழுத்தி, இப்படியே ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று ஐந்து நிமிடம் போராடியிருக்கிறான். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், கிணத்து மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ஓடுதுங்களா தம்பி? கைக்கு ஒரு அதிர்வும் தெரியலீங்களே" என்றார். அவர்மீது எனக்கு மரியாதை அதிகமானது. சந்தேகம் வந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார் அல்லவா?

சரி, எனக்கு ஆத்திரம் வருகிற இடத்துக்கு வருகிறேன். 'ஸ்டார்ட் ஆவது' என்றால் சத்தம் வருவது என்று நாம் மனதில் பதித்து வைத்திருக்கிறோம். பெட்ரோல் இன்ஜின் நின்ற நிலையிலிருந்து தானாக இழுக்காது. அதைச் சுழற்றிவிட்டு, வண்டி நிற்கும்போதும் நிமிடத்துக்கு 700, 800 சுற்று ஓடிக்கொண்டே இருக்க விட வேண்டும். அந்த ஓட்டத்தின் சத்தத்தைத்தான் ஸ்டார்ட் என்கிறோம். எலக்ட்ரிக் மோட்டாருக்கு அப்படிச் சும்மா ஓட வேண்டிய தேவையே இல்லை. வண்டி நின்றால் மோட்டாரும் நிற்கும். ஆனால் மிதித்த நொடியிலேயே முழு இழுவையும் வந்துவிடும். டீசல் வண்டியை நியூட்ரலில் வைத்து உறுமவிட்டுப் பார்க்கலாம். இதில் உறுமலே கிடையாது, 'டி'யில் இருக்கும்போது மிதித்தால் பாய்ச்சல்தான். ஆகவே காதை நம்பாதீர்கள். மீட்டரில் 'ரெடி' விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். எரிந்தால் வண்டி உயிரோடு இருக்கிறது. இதை டெலிவரியன்று மூன்று முறை சொல்கிறேன். தலையாட்டிவிட்டு, நாலாவது நிமிடமே "சத்தம் வரலைங்களே" என்றால் நான் என்ன செய்வது?

இன்னொரு வேண்டுகோளும் அடிக்கடி வருகிறது. மெதுவாகப் போகும்போது "உய்ங்" என்று ஒரு ஒலி வருகிறதாம், அதைக் கழற்றிவிட வேண்டுமாம். செய்யவே மாட்டேன். நடந்து போகிறவர்களுக்குக் கேட்கட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். வேகம் 20ஐத் தாண்டிவிட்டால் டயர் சத்தமே ஓரளவு காட்டிக் கொடுத்துவிடும், அதற்குக் கீழேதான் ஆபத்து. அமெரிக்காவில் பார்வையற்றோர் அமைப்புகள் விடாமல் கேட்டு 2011 ஜனவரியில் இதற்குச் சட்டமே வாங்கினார்கள். ஐரோப்பாவில் 2021 ஜூலையிலிருந்து புதிதாக விற்கும் எல்லா எலக்ட்ரிக் கார்களுக்கும் கட்டாயம். இங்கேயும் மத்திய அரசு 2025இல் வரைவு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அதே தூரம் ஓடிய பெட்ரோல், டீசல் வண்டிகளைவிட எலக்ட்ரிக் வண்டிகளும், இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டிகளும் பாதசாரிகளை இடித்தது இரண்டு மடங்கு என்கிறார்கள். உங்கள் காதுக்கு அது தொந்தரவு. குச்சி தட்டி நடக்கிறவருக்கு அதுதான் வண்டி.

நம் ஊரில் எனக்கு ரொம்பப் பயம் விடியற்காலையை நினைத்துத்தான். போர்ட்டிகோவிலிருந்து வண்டி பின்னால் வருகிறது. கேட்டுக்கு வெளியே வீட்டம்மா முதுகைக் காட்டிக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் சாவி திருகும் சத்தத்திலேயே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். இப்போது எதைக் கேட்டு ஒதுங்குவார்? வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நாயும் அப்படித்தான், அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடிய பழக்கம் அதற்கு.

அதனால் தயவுசெய்து, எடுப்பதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "வண்டிய எடுக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரிவர்ஸ் கேமரா போதும் என்று வாதாடாதீர்கள். இறங்கும்போது 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், போட்டு, ஆஃப் செய்து, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஏசி ஓடட்டும் என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போகவே போகாதீர்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் இதே கதைதான்: ஆனில் நிற்கும் வண்டியின் கைப்பிடியை முன்னால் நிற்கும் பிள்ளை விளையாட்டாகத் திருகினால் போதும்.

அப்புறம் பூசை. பழம் வைத்து முடித்து, எல்லோரும் வண்டிக்கு முன்னாலிருந்து விலகி நின்ற பிறகே ஓட்டுபவர் சீட்டில் ஏறட்டும். பழம் உருண்டு போனால் உடனே குனியாதீர்கள். முதலில் வண்டியை ஆஃப் செய்யச் சொல்லுங்கள், 'ரெடி' விளக்கு அணைந்ததை நீங்களே கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள், அப்புறம் பழத்தைத் தொடுங்கள்.