டேலி ஆகிவிட்டால் போதுமா?

"சார், டேலி ஆகியிருக்கே, அப்புறம் ஏன் மார்க் குறைச்சீங்க?"

ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் பிறகு யாராவது ஒருவர் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார். இந்த முறை வந்த தாளில் இருப்பாய்வின் (எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பற்று, வரவு என்று பிரித்துக் கூட்டிப் பார்க்கும் பட்டியலின்) இரண்டு பக்கமும் ஒரே தொகை, அதாவது டேலி. அடியில் அழகாக இரட்டைக் கோடு. உள்ளே போனால் கதை வேறு. இயந்திரத்தை நிறுவக் கொடுத்த கூலி, அன்றாடக் கூலிக் கணக்கில் கிடக்கிறது. உரிமையாளர் தன் வீட்டுக்கு எடுத்த பணம் சம்பளமாக மாறியிருக்கிறது. அப்படியும் இடித்த 1,800-க்கு, கேள்வியில் இல்லவே இல்லாத ஓர் அனாமத்துக் கணக்கு, அதாவது இன்னதென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்கு, முளைத்திருக்கிறது. எழுதியவர் மக்கு இல்லை, வகுப்பில் நன்றாகப் படிக்கிறவர்தான். எனக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். நன்றாகப் படிக்கிறவர்களையே இப்படி நம்ப வைத்திருக்கிறோம்.

ஒவ்வொன்றையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப்பதிவு எப்படி நடக்கிறது என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை, அது முதல் பருவத்திலேயே முடிந்த கதை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். இருப்பாய்வு ஒத்துப்போனால் பற்றுகளின் கூட்டுத்தொகையும் வரவுகளின் கூட்டுத்தொகையும் சமம், அவ்வளவே. கணக்கு சரி என்று அது ஒருநாளும் சொல்லாது. இதைப் பாடப்புத்தகமே சொல்கிறது. 'இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள்' என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அட்சரம் பிசகாமல் எழுதுகிறார்கள். அதே கையால் அடுத்த பக்கத்தில் கணக்குப் போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

சரி, நிதானமாகவே பார்ப்போம். வாடகை 5,000 கொடுத்தீர்கள், நடந்ததை வரிசையாக முதலில் எழுதும் குறிப்பேட்டில் எழுதவே இல்லை. செலவு விட்டுப்போனது, ரொக்கம் குறைந்ததும் விட்டுப்போனது. இருப்பாய்வு? ஒத்துப்போகும். 12,000-க்குக் கடன் விற்பனை செய்து, 1,200 என்று எழுதி, இரண்டு கணக்கிலும் 1,200 என்றே பதிந்தீர்கள். ஒத்துப்போகும். ஒருவரிடம் சரக்கு வாங்கி, அதே போன்ற பெயருள்ள இன்னொருவர் கணக்கில் வரவு வைத்தீர்கள். ஒத்துப்போகும். பிறகு காசோலையும் அந்த இன்னொருவருக்கே போகும், அப்போதும் ஒத்துப்போகும். ஒரு கணக்கின் பற்றுப் பக்கத்தில் 100 குறைத்துக் கூட்டி, வேறொரு கணக்கின் வரவுப் பக்கத்திலும் 100 குறைத்துக் கூட்டினால் ஒன்றை ஒன்று மூடிக்கொள்ளும். பற்று வைக்க வேண்டியதில் வரவும், வரவு வைக்க வேண்டியதில் பற்றும் வைத்து, முழுப்பதிவையும் தலைகீழாகப் போட்டாலும் அசையாது.

இத்தனையிலும் மோசமானது விதிப்பிழை, அதாவது செலவைச் சொத்தாகவோ சொத்தைச் செலவாகவோ எழுதுவது. பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்க 40,000 ஆனது. அதை இயந்திரக் கணக்கில் ஏற்றிவிட்டீர்கள். அந்த ஆண்டின் செலவில் 40,000 காணாமல் போகிறது. 10 சதவீதத் தேய்மானமாக 4,000 மட்டும் வந்து உட்காருகிறது. லாபம் 36,000 அதிகமாகத் தெரிகிறது, இல்லாத சொத்து ஒன்று, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகிறது, தேய்மானம் அடுத்தடுத்த ஆண்டுகளையும் கெடுக்கிறது. கூட்டலில் மட்டும் ஒரு பைசா வித்தியாசம் வராது.

"இது பரீட்சைத் தாளில் வரும் சின்னப் பிழை சார்" என்பவர்களுக்காக வேர்ல்ட்காம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம். மற்ற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணம், அதாவது அன்றாட வருவாயினச் செலவு, முதலினச் செலவாக, அதாவது சொத்து வாங்கிய செலவாக, எழுதப்பட்டது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது முதலில் சொன்ன தொகையே சுமார் 380 கோடி டாலர். அடுத்த மாதமே திவால் மனு. நாம் பதினோராம் வகுப்பில் சொல்லித்தருகிற அதே விதிப்பிழைதான், அங்கே வேண்டுமென்றே செய்தார்கள். ஏடுகளில் பற்றும் வரவும் சமமாகவே இருந்தன. கண்டுபிடித்தது சிந்தியா கூப்பரின் உள்தணிக்கைக் குழு. "இந்தச் சொத்துக்கு ஆதாரம் எங்கே" என்று தோண்டிக்கொண்டே போனவர்கள் அவர்கள். 2009 ஜனவரியில் சத்யம் என்ற இந்திய மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டாரே, அந்த இருப்புநிலைக் குறிப்பும் இரண்டு பக்கம் ஒத்துப்போனதுதான்.

இன்னொரு வாதம் உண்டு. "இப்போ எல்லாம் சாஃப்ட்வேர் சார், தப்பே வராது." கணக்கு மென்பொருள் ஒத்துப்போகாத பதிவைப் பெரும்பாலும் உள்ளேயே விடாது. அதனால் இருப்பாய்வு எப்போதும் ஒத்தே வரும். எப்போதும் 'சரி' என்றே சொல்கிற சோதனையிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? பழுதுபார்ப்பைச் சொத்தில் ஏற்றினால் அதுவும் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்ளும். கையால் எழுதிய காலத்தில் கூட்டல் பிழையாவது நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் (640-ஐ 460 என்று எழுதினால் 180), பாதித்தொகை எங்காவது இருந்தால் பக்கம் மாறியிருக்கலாம் என்று நாம் சொல்லித்தருவது பிழையைத் தேடுவதற்கு. பிள்ளைகள் அதைப் பிழையை உண்டாக்கப் பயன்படுத்துகிறார்கள். வித்தியாசம் 1,500 என்றால் 750 உள்ள ஏதோ ஒரு கணக்கைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அந்த 750 பெற்ற தரகா கொடுத்த தரகா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. திருத்துகிறவருக்கு இது தெரியாதா? ஒரே பார்வையில் தெரியும்.

லூக்கா பாச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் கணக்கெழுதும் முறையை விவரித்தபோது, பதிவுகளைக் கணக்குவாரியாகத் தொகுக்கும் பேரேட்டின் இரு பக்கக் கூட்டுத்தொகையையும் ஒப்பிடச் சொன்னார். ஆனால் அதற்கு முன்பே இன்னொன்றும் சொன்னார். ஒருவர் குறிப்பேட்டை வாசிக்க, இன்னொருவர் பேரேட்டைப் பார்த்து, பதிவுக்குப் பதிவு ஒப்பிட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். கூட்டலை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் புள்ளி வைப்பதை விட்டுவிட்டோம்.

மாணவர்களே, தேர்வறையில் வித்தியாசம் வந்தால் வித்தியாசத்தோடே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். படிப்படியாக மதிப்பெண் கிடைக்கும். வலிந்து ஒத்துப்போக வைத்த விடையில், சரியாக எழுதிய இரண்டு மூன்று கணக்குகளையும் நீங்களே கெடுத்துவிடுகிறீர்கள். கேள்வி கேட்காத இடத்தில் அனாமத்துக் கணக்கைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் விளக்கக் குறிப்பு எழுதுங்கள். 'எதற்காகக் கொடுத்தது' என்று ஒரு வரி எழுதக் கை போனாலே பாதி விதிப்பிழை அங்கேயே நின்றுவிடும். கூட்டிப் பார்ப்பதற்கு முன் இருப்புகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். ரொக்கக் கணக்கு வரவு இருப்பு காட்டுகிறதா, அதாவது வந்ததைவிடக் கொடுத்தது அதிகமா? பெட்டியில் இல்லாத பணத்தை யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. அங்கே ஏதோ தப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிலர் கூப்பிட்டு, "இப்போதைக்கு அனாமத்துல போட்டு வைக்கவா சார்?" என்று கேட்கிறார்கள். போடலாம், என்ன ஏது என்று பக்கத்தில் எழுதி, மாதம் முடிவதற்குள் எடுத்துவிடுவதாக இருந்தால். ஆண்டு முடிவில் அது அப்படியே கிடந்தால் தணிக்கையாளர் அங்கேதான் முதலில் கை வைப்பார். உங்கள் ஏட்டையும் வங்கியின் அறிக்கையையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியலை மாதாமாதம் போடுங்கள், கடனீந்தோர் (நீங்கள் பணம் தர வேண்டியவர்கள்) அனுப்பும் கணக்கு அறிக்கையோடு உங்கள் பேரேட்டை ஒப்பிடுங்கள். வெளியாள் எழுதிய தாள் காட்டுகிற பிழையை உங்கள் சொந்தக் கூட்டல் காட்டவே காட்டாது.

சக ஆசிரியர்களிடம் கோபத்தோடு பேச எனக்கு மனமில்லை, கெஞ்சியே கேட்கிறேன். கணக்கியல் வகுப்பு விதிகளையும் மனப்பாடத்தையும் கட்டிக்கொண்டு அழுகிறது என்ற குறை புதிதல்ல. அமெரிக்கக் கணக்கியல் சங்கத்தின் பெட்ஃபோர்ட் குழு 1986-லேயே மாற்றம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது, 1989-இல் அதற்கென்றே ஓர் ஆணையம் அமைந்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கரும்பலகையில் கணக்கை முடித்ததும் "டேலி ஆச்சா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்துவோம். அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற கைதட்டலில்தான் பிள்ளைகள் தப்பான பாடத்தைப் படிக்கிறார்கள். "இந்தத் தொகை ஏன் இந்தக் கணக்குக்குப் போச்சு?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் வடிகட்டி வாக்கியமாகக் கொடுக்காமல், பில்லும் ரசீதும் காசோலை அடிக்கட்டையுமாக ஒரு கட்டு கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அதில் உரிமையாளரின் சொந்தச் செலவு பில் ஒன்றையும் வேண்டுமென்றே சொருகி வையுங்கள்.

அடுத்த உள்தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற ஓர் இருப்பாய்வையும் அதற்கான குறிப்பேட்டையும் அச்சடித்துக் கொடுத்து, 'இதில் நான்கு பிழைகள் உள்ளன, கண்டுபிடித்துத் திருத்துக' என்று கேளுங்கள். கூட்டுத்தொகைக்கு மதிப்பெண் கிடையாது என்பதைக் கேள்வித்தாளிலேயே போட்டுவிடுங்கள்.