காளை விடும் விழா: ஓடுபாதைக்குள் நிற்பவர்களுக்கு ஓர் அறுவை மருத்துவரின் வேண்டுகோள்

தை பிறந்தால் வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஊருக்கு ஊர் காளை விடும் விழா தொடங்கிவிடும். அதைத் தொடர்ந்து எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாடு முட்டியவர்களின் வரவும் தொடங்கிவிடும். ஜல்லிக்கட்டைப் போல இங்கே யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. இருபுறமும் தடுப்பு கட்டிய தெருவில் காளை தனியாக ஓடி, எல்லைக் கோட்டைக் குறைந்த நேரத்தில் கடக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் மனிதர்கள் குத்துப்படுவதற்குக் காரணம், தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் ஓடுபாதைக்குள் நிற்பதே.

ஒரு காளை கடந்த உடனே இளைஞர்கள் உள்ளே இறங்கி, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டோ கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டோ நிற்கிறார்கள். அதற்குள் வாடியில், அதாவது காளைகளை அவிழ்த்துவிடும் வாசலில், அடுத்த காளை அவிழ்க்கப்பட்டுவிடுகிறது. எங்களிடம் வருபவர்களில் பலருக்கு முதுகிலும் தொடையின் பின்புறத்திலும் காயம் இருப்பது இதனால்தான். ஆகவே எந்த நிலையிலும் வாடிக்கு முதுகு காட்டாதீர்கள். ஓடும் காளையைத் தட்டிவிடுவது வீரம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தட்டுப்பட்ட காளை திரும்பினால், அது முட்டுவது பெரும்பாலும் தட்டியவரை அல்ல, அவருக்குப் பின்னால் ஒதுங்க இடமின்றி நிற்பவரை.

எல்லைக் கோட்டுக்கு அப்பால் உள்ள இடத்தை நான் இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன். பரிசுக்கான ஓட்டம் அங்கே முடிகிறதே தவிர, காளையின் ஓட்டம் முடிவதில்லை. தடுப்பு இல்லாத அந்த வெளியில்தான் வண்டிகள் நிற்கின்றன, தின்பண்டக் கடைகள் இருக்கின்றன, குழந்தைகளைத் தோளில் ஏற்றியவர்கள் நிற்கிறார்கள். மிரண்டு வரும் காளையைப் பிடிக்கக் கயிற்றோடு காத்திருக்கும் மாட்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலையில்லை.

ஜல்லிக்கட்டை அனுமதித்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம், எருது விடும் விழா என்ற பெயரில் இந்தக் காளை விடும் விழாவையும் உள்ளடக்கியது; உச்ச நீதிமன்றம் 2023 மே 18 அன்று அதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. அனுமதி, தடுப்பு, மருத்துவக் குழு ஆகியவை அதன் வழியே வந்த நிபந்தனைகள். ஆம்புலன்ஸ் நிற்கிறதா, அது கூட்டத்தைக் கடந்து வெளியேற வழி இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த விழாவில் நிற்காமல் வீடு திரும்புவதே நல்லது. மது அருந்தியவர் ஓடுபாதையின் பக்கமே வரக் கூடாது.

கீழே விழுந்துவிட்டால் எழுந்து ஓட முயலாதீர்கள். காளை அசைவைத்தான் துரத்தும்; எழ முயல்பவரின் வயிறும் மார்பும் கொம்பின் உயரத்துக்கு நேராக வந்துவிடும். குப்புறப் படுத்து, இரு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டு, காளை விலகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லும்வரை அசையாதிருங்கள்.

கொம்புக் காயம் பார்வைக்கு ஏமாற்றும். உள்தொடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவே தோல் கிழிந்திருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் முழு விரலும் உள்ளே போகும். குத்திய பின் காளை தலையை உதறுவதால், ஒரே வாயிலிருந்து இரண்டு மூன்று திசைகளில் தசை கிழிந்து, மண்ணும் சாணமும் ஆழத்தில் தங்கிவிடும். அதை அருகில் உள்ள இடத்தில் இரண்டு தையல் போட்டு மூடிவிட்டு வருபவர்கள், சில நாள்களில் சீழ் பிடித்த காலோடு எங்களிடம் வருகிறார்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் வைக்காதீர்கள்.

இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் உள்ளங்கையால் பலமாக அழுத்திக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மூடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். தூக்கி வீசப்பட்டவரைக் கைகால் பிடித்துத் தூக்காமல், கழுத்து அசையாதபடி பலகையில் கிடத்துங்கள்.

இரத்தமே வராதவரையும் விட்டுவிடாதீர்கள். விலாவில் இடி வாங்கியவர் எழுந்து நடந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகும் மண்ணீரலிலிருந்து உள்ளுக்குள் இரத்தம் கசியக்கூடும். வயிற்று வலி, இடது தோளில் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மாடு முட்டியது என்பதை வந்தவுடன் சொல்லிவிடுங்கள்.