ஒரே எண்ணெய், ரெண்டு கணக்கு

"பாலித்தீன் கவர்லருந்து எண்ணெய் எடுக்கானுவளாம், இனி குப்பைக் கவலையே இல்ல" என்றார் பாளையங்கோட்டை டீக்கடையில் ஓர் அண்ணாச்சி. எண்ணெய் எடுப்பது உண்மைதான். ஆனால் அதை யார் வாங்கி என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் சட்டம் அதற்குப் பெயர் வைக்கிறது.

பழைய இரும்புக் கடைக்குப் போகும் குடம், வாளியை அரைத்து உருக்கிக் குருணையாக்குவது நமக்குத் தெரிந்த மறுசுழற்சி. அதற்கு ஒரே ரகமாக, சுத்தமாக இருக்க வேண்டும். வேதி மறுசுழற்சி வேறு. காற்று புகாத கலனில் 400, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து ஆவியாகும். ஆவி குளிர்ந்தால் எண்ணெய். கொஞ்சம் வாயுவும் கரியும் மிஞ்சும். இந்த எண்ணெயைச் சுத்திகரித்து, நாப்தாவைப் (கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் லேசான எண்ணெய்) போலவே பெட்ரோகெமிக்கல் ஆலைக்குக் கொடுத்தால் பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீன், புரொப்பிலீன் வாயுக்கள் கிடைக்கும். அதிலிருந்து மறுபடி புது பிளாஸ்டிக். பால் கவரும் பிளாஸ்டிக் அரிசிச் சாக்கும் இதற்குத் தோது. பிவிசி குழாய்த் துண்டு கலந்தால் போச்சு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பிக் கலனையே அரிக்கும்.

இனி விதி. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 ஜூலையில் வந்த திருத்தம், கழிவிலிருந்து எண்ணெய் எடுப்பதை 'இறுதி அகற்றல்' என்ற கணக்கில் வைக்கிறது. தாழையூத்துக்காரர்களுக்குப் பழக்கமான சிமென்ட் சூளை இருக்கிறதே, அந்த மாதிரிச் சூளையில் பிளாஸ்டிக்கை எரிப்பதும் அதே கணக்குதான். ஒரே ஒரு விலக்கு: மீண்டும் பிளாஸ்டிக் செய்ய மூலப்பொருளாகப் போனால் அதை மறுசுழற்சியாக எடுத்துக்கொள்ளலாம். பாய்லரில் எரித்தால் அந்தப் பெயர் கிடையாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கம்பெனிகளுக்குப் பணமே அதில்தான். பொருளைப் பொதியும் கம்பெனி, உற்பத்தியாளர் பொறுப்பின்படி (தான் சந்தைக்கு விட்ட பொதிக்கு அதுவே கணக்குச் சொல்வது), குறைந்தபட்ச அளவு மறுசுழற்சிக்குச் சான்றிதழ் காட்ட வேண்டும்; 'இறுதி அகற்றல்' இதில் சேராது. தண்ணீர் பாட்டில் போன்ற கெட்டியான பொதிகளுக்கு 2024-25-ல் 50 சதவீதம், 2027-28-ல் 80. பால் கவர், ஷாம்பு பாக்கெட் வகைக்கு 30-லிருந்து 60. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த ஆலையின் சான்றிதழ்தான் செல்லும். குறைந்தால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும்.

நெல்லையப்பர் கோயில் பக்கத்து அல்வாக் கடைக்காரர் பயப்பட வேண்டாம். தன் பெயர் போட்டு விற்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்த இலக்கு இல்லை. ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் உள்ள பிளாஸ்டிக் தூக்குப் பை தடை அவருக்கும் உண்டு, எத்தனை மைக்ரான் ஆனாலும்.

வீட்டுக்காரருக்கு இதில் காசு எதுவும் வராது. பிரித்துக் கொடுக்க வேண்டிய கடமை மட்டும் இருக்கிறது. வாய்க்கால் கரையில் குவித்துக் கொளுத்துவது விதிமீறல். எங்கள் தெருவில் விடியற்காலையில் அந்த நாற்றம் இன்னும் வருகிறது.

நாளைக்கே கங்கைகொண்டான் பக்கம் 'பிளாஸ்டிக் எண்ணெய் ஆலை' வருகிறது என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (ஆலை நடத்த அனுமதி) இருக்கிறதா? மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு உண்டா? எண்ணெயை வாங்குவது பெட்ரோகெமிக்கல் ஆலையா, பாய்லர்காரரா?